காற்றுக்குக் காசில்லை

ஞானேஸ்வரி பிரதேச சபை உறுப்பினர் ஆனதற்கு ஓர் ஒழுகல் பைப்தான் காரணம்.

கட்சி அமைப்பாளர் வீட்டுக் குசினியில் தண்ணீர் சொட்டுகிறதென்று அவளைக் கூப்பிட்டிருந்தார்கள். அவள் பாத்திரம் கழுவும் தொட்டிக்குக் கீழே தலையை விட்டுப் பழைய வாசரைக் கழற்றிக்கொண்டிருந்த நேரம், விறாந்தையில் நாலைந்து ஆண்கள் கடதாசிகளைப் பரப்பிவைத்துத் தலையைச் சொறிந்துகொண்டிருந்தார்கள். மறுநாள் பகல் பன்னிரண்டு மணிக்குள் வேட்புமனு கொடுத்தாக வேண்டும். பட்டியலில் இத்தனை பெண்கள் இருக்க வேண்டுமென்பது சட்டம். ஒரு பெயர் குறைந்தது. கேட்ட வீடுகளிலெல்லாம் மறுத்துவிட்டார்கள். அமைப்பாளர் குசினிப் பக்கம் எட்டிப் பார்த்தார்.

"ஞானேஸ்வரி, உம்மட அடையாள அட்டை கையில இருக்கோ?"

"இருக்கு. என்னத்துக்கு?"

"ஒரு கையெழுத்துத்தான். நீர் ஒண்டும் செய்யத் தேவையில்லை. கூட்டங்களுக்கும் வரத் தேவையில்லை. சும்மா பேருக்கு."

அவள் ஈரக் கையைச் சட்டையில் துடைத்துவிட்டுக் கையெழுத்துப் போட்டாள். பிறகு மறுபடியும் தொட்டிக்குக் கீழே போய்விட்டாள். வைகாசியில் தேர்தல் நடந்தது. கட்சிக்குக் கிடைத்த ஆசனங்களில் ஒன்றுக்குப் பட்டியலிலிருந்து ஒரு பெண்ணை எடுத்தே ஆகவேண்டிய நிலை வந்தது. மற்றப் பெண்கள் இருவரும் வெளிநாட்டுக்குப் போகவிருந்தார்கள். ஆகவே அரசாங்க வர்த்தமானியில் ஞானேஸ்வரியின் பெயர் வந்தது. அதைப் படித்துச் சொன்ன கணவன் தங்கராசு, சோற்றுக் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு ஐந்து நிமிடம் சிரித்தான்.

அவளுக்கு அப்போது ஐம்பத்தொரு வயது. பூவரசங்குளத்தைத் தாண்டி உள்ளே போகும் கிரவல் பாதையில் இருக்கிறது அவளுடைய ஊர், ஆலங்கண்டிக்குளம். சேலைக்கு மேலே கணவனின் நீளக்கைச் சட்டையைப் போட்டுக்கொண்டு, சைக்கிள் காண்டிலில் சாமான் பையையும் கரியரில் நீட்டுக்குக் கட்டிய பிவிசி குழாய்களையும் கொண்டு அவள் வருகிறபோது, எதிரே வருகிறவர்கள் தாங்களாகவே ஒதுங்கி வழிவிடுவார்கள். குழாய்கள் அவ்வளவு நீளம்.

அவளுடைய தகப்பன் மூக்கன், எழுபத்தேழு கலவரத்துக்குப் பிறகு தேயிலைத் தோட்டத்தை விட்டு, மூன்று வயதுப் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு வன்னிக்கு வந்தவர். காட்டை வெட்டிக் குடியிருந்தார். அந்த நாளில் ஊருக்கு ஒரே ஒரு நல்ல தண்ணீர்க் கிணறு. தோட்டத்திலிருந்து வந்த சனங்கள் மற்றவர்கள் அள்ளி முடியும்வரை தள்ளி நிற்க வேண்டும். மூக்கன் அதைப் பற்றி வாய் திறந்ததில்லை. ஞானேஸ்வரிக்குப் பதினொரு வயதிருக்கும்போது ஒருநாள், எல்லாருக்கும் முன்னால் போய் வாளியை இறக்கிவிட்டாள். ஏசினார்கள். அவள் அள்ளி முடித்துவிட்டுத்தான் திரும்பிப் பார்த்தாள். அடுத்த நாளும் அப்படியே செய்தாள். ஒரு மாதத்தில் அந்த வரிசை தானாகவே குலைந்துபோனது.

பிறகு சண்டை, இரண்டு தரம் இடப்பெயர்வு, முகாம், திரும்பி வருதல். எல்லாம் ஓய்ந்து சில வருடங்களின் பின் ஊருக்கு நீர்த்திட்டம் வந்தது. ஒரு குழாய்க்கிணறு, உயரத்தில் ஒரு தண்ணீர்த் தாங்கி, பாதையோரங்களில் நிலத்தடிக் குழாய், வாசலுக்கு வாசல் ஒரு பைப்பும் மீற்றரும். கிடங்கு வெட்டக் கூலிக்கு ஆள் கேட்டார்கள். மண்வெட்டியோடு போனவள், குழாய் அரிகிறவர்களின் கையையே பார்த்துக்கொண்டு நின்றாள். மூன்றாவது மாதம் ஒரு பொருத்துக்காரர் காய்ச்சலில் படுத்தபோது, "நான் செய்து பாக்கட்டே?" என்று கேட்டாள். அவள் ஒட்டிய மூட்டு ஒன்றும் ஒழுகவில்லை. திட்டக்காரர்கள் போன பிறகு ஊரில் எந்தப் பைப் பழுதானாலும் ஞானேஸ்வரிதான்.

சபைக்குப் போக வேண்டாமென்றுதான் கட்சிக்காரர்கள் சொல்லியிருந்தார்கள். ஆனால் அவள் ஒரு கூட்டமும் தவறவிடவில்லை. வயலட் கரைச் சேலை ஒன்றை அதற்கென்றே வைத்திருந்தாள். கடைசி வரிசையில் இருந்து கவனமாகக் கேட்பாள். பாதி விளங்கும். மீதியை வீட்டுக்கு வந்து யோசிப்பாள்.

ஆவணியில் நடந்த கூட்டத்தில் ஏழாவது விடயமாக ஒன்றை வாசித்தார்கள். "ஆலங்கண்டிக்குளம் நீர் விநியோகத் திட்டப் பாவனையாளர்களிடமிருந்து நிலையான மாதாந்தக் கட்டணமும் அலகுக் கட்டணமும் அறவிடல் தொடர்பான பிரேரணை." ஆதரிப்பவர்கள் கை உயர்த்தச் சொன்னார்கள். கட்சி முழுக்கக் கை உயர்த்தியது. மோட்டருக்குக் கரண்ட் காசு கட்டத்தானே வேணும், சின்னக் காசாக்கும் என்று நினைத்து அவளும் உயர்த்தினாள். அதோடு தேநீரும் றோல்ஸும் வந்தன.

புரட்டாசியில் மாதிரி பில் வந்தது. இப்போதைக்குக் கட்டத் தேவையில்லை, மக்கள் பழகிக்கொள்ளட்டும் என்று வீடு வீடாகக் கொடுத்தார்கள். அன்றைக்குப் பின்னேரமே அன்னபாக்கியம் அவளுடைய படலையைத் தள்ளிக்கொண்டு வந்தா. அன்னபாக்கியம் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து வாய்க்கால் பக்கம் வயல் செய்கிற குடும்பம், அறுபத்துநாலு வயது, பிள்ளைகள் கல்யாணம் கட்டிப் போன பிறகு வீட்டில் தனி ஆள். ஒரு கையில் பில்லும் மறு கையில் சபைக் கூட்டத்தின் படம் வந்த பேப்பரும் வைத்திருந்தா.

"ஞானம், இதை வாசி. பதினொரு யுனிற்றாம். பதினோராயிரம் லீற்றர்! நான் தனிச் சீவியம். வளவுக்குள்ள ஆனை கட்டி வளக்கிறனே?"

"அக்கா, ஏதோ பிழை விட்டிருக்கினம்..."

"பிழை விட்டது ஆர்? இந்தப் படத்தைப் பார். எல்லாற்ற கையையும் விட உன்ர கைதான் உயரத்தில நிக்குது."

உண்மைதான். குழாய் தூக்கிப் பழகிய கை. மற்றவர்களுடைய கைகளெல்லாம் காதளவில் நிற்க, அவளுடையது மட்டும் கூரையில் தொங்கும் காற்றாடியை எட்டுகிற மாதிரி நின்றது. ஞானேஸ்வரிக்குக் காது சுட்டது. அன்னபாக்கியம் போன பிறகும் அவள் அந்தப் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எதுக்கு புள்ள மொகம் செத்துப் போச்சு? தெரியாமத்தானே தூக்குன" என்றான் தங்கராசு.

"தெரியாம தூக்குனதுதான் வெக்கம்" என்றாள். வீட்டுக்குள் அவர்களுக்கு இன்னும் தோட்டத்துப் பேச்சுத்தான்.

ஊருக்குத் தண்ணீர் வருவது கிழமைக்கு இரண்டு நாள், செவ்வாயும் வெள்ளியும். காலை எட்டு மணிக்குச் சபைத் தொழிலாளி சஜீவன் தாங்கியடியில் வால்வைத் திறந்துவிடுவார். அடுத்த செவ்வாய் ஏழே முக்காலுக்கே ஞானேஸ்வரி அன்னபாக்கியத்தின் வாசலில் குந்திவிட்டாள். பைப்பைத் திறந்து வாளியைக் கீழே வைத்து, மீற்றர் மூடியைத் தூக்கிவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள். எட்டு மணி தாண்டியது. பைப் 'உஸ்ஸ்ஸ்' என்று சீறியது. தண்ணீர் வரவில்லை. வாளி காய்ந்து கிடந்தது. ஆனால் மீற்றருக்குள் இருந்த சின்னச் சக்கரம், திருவிழா ராட்டினம் மாதிரிச் சுற்றிக்கொண்டிருந்தது.

தண்ணீர் வர இன்னும் இருபது நிமிடம் பிடித்தது. அதுவரைக்கும் அந்தச் சக்கரம் நிற்கவேயில்லை. இரண்டு நாளுக்கும் இடையில் குழாய்கள் வெறுமையாகி அதற்குள் காற்று நிறைந்துவிடுகிறது. வால்வைத் திறந்ததும் தண்ணீர் அந்தக் காற்றைத் தள்ளிக்கொண்டு வருகிறது. மீற்றருக்குக் காற்றென்ன, தண்ணீரென்ன, தள்ளினால் சுற்றும். ஞானேஸ்வரி நிலத்தில் குந்தியபடி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

"என்னடி பிள்ளை, விசரே?"

"அக்கா, நீங்கள் ஆனை ஒண்டும் வளக்கேல்லை. ஒவ்வொரு செவ்வாயும் வெள்ளியும் காத்து வாங்குறியள். அதுக்குத்தான் பில்!"

அவளுக்கு இன்னொன்றும் நினைவு வந்தது. பள்ளிக்கூடத்து மேட்டில், குழாய் ஏறி இறங்குகிற இடத்தில், காற்றை வெளியே விடுகிற வால்வு ஒன்று வைக்கவென்று சீமெந்துப் பெட்டி கட்டினார்கள். சீமெந்து சுமந்தவள் அவளேதான். பெட்டியை மூடி மண் போட்டார்கள். வால்வு வரவேயில்லை.

அடுத்த கூட்டத்தில் தண்ணீர்க் கட்டணத்தைப் பற்றிக் கேட்க அவள் முதல் தடவையாக எழுந்து நின்றாள். சபைக்குத் தலைமை தாங்கும் தவிசாளர் பரமலிங்கம் ஓய்வுபெற்ற விஞ்ஞான ஆசிரியர். ஊரில் பாதிப்பேர் அவரிடம் படித்தவர்கள். மூக்குக் கண்ணாடிக்கு மேலால் பார்த்தார்.

"தங்கச்சி, ஏழாவது விடயம் போன மாசமே நிறைவேறியிட்டுது. நீரும் ஆதரிச்சனீர்."

"ஆமா, ஆதரிச்சன். பிழையா ஆதரிச்சிட்டன், சேர்."

'ஆமா' என்றதும் முன் வரிசையில் ஒருவர் வாயைப் பொத்திக்கொண்டார். பதற்றம் வந்தால் அவளுக்கு 'ஓம்' போய் அந்தத் தோட்டத்துச் சொல் வந்துவிடும். அவள் அதைக் கவனிக்காத மாதிரி மீற்றர் காற்றுக்குச் சுற்றுகிற கதையைச் சொன்னாள். சபையில் பெரிய சிரிப்பு. தவிசாளர் கையை உயர்த்தி அமைதிப்படுத்தினார்.

"மீற்றர் பொய் சொல்லாது, தங்கச்சி. அது அளக்கிற கருவி. முறைப்பாடு இருந்தா எழுத்தில தாரும். அடுத்த விடயம்."

வாசலில் எதிரணி உறுப்பினர் நிரோஜன் மறித்தான். துடிப்பான இளம் ஆள். மண்டபத்தில் அவனொருவன்தான் சிரிக்காமல் இருந்தவன்.

"அக்கா, எங்கட பக்கம் வாங்கோ. நாங்கள் முதலே எதிர்த்தனாங்கள். உங்களுக்கு முன்வரிசை."

"தம்பி, நான் பக்கம் மாற வரேல்லை. பைப்பில காத்து வருது, அதை நிப்பாட்ட வந்தனான். கை தூக்கிற நாளில நீங்கள் தூக்குங்கோ, அது காணும்."

அந்த வெள்ளிக்கிழமை, காற்று எவ்வளவு வருகிறதென்று பார்க்க அவள் ஒரு சொப்பிங் பையைப் பைப்பில் கட்டினாள். அது ஒரு நொடியில் ஊதிப் பெருத்தது. பார்த்துக்கொண்டிருந்த அன்னபாக்கியத்தின் கண் விரிந்தது.

"ஞானம், இது ஆற்ற கண்ணிலும் படாது. கலர் பலூன் கட்டினமெண்டா பாதை முடிவில நிண்டும் பாக்கலாம்."

ஞானேஸ்வரி அவாவைக் கட்டிப் பிடித்தாள். அன்றே வவுனியா ரவுணுக்குப் போய்ப் பிறந்தநாள் சாமான் கடையில் பலூன் வாங்கிவந்தார்கள். முப்பத்தெட்டு வீடு. ஒவ்வொரு வீட்டுக்கும் போய், செவ்வாய்க்கிழமை என்ன செய்ய வேண்டுமென்று சொன்னார்கள். கேட்ட பெண்களெல்லாம் முதலில் முழித்தார்கள், பிறகு சிரித்தார்கள், பிறகு "எனக்குச் சிவப்பு தா" என்றார்கள். தவிசாளருக்கு ஞானேஸ்வரி நேரில் போய் அழைப்புக் கொடுத்தாள். "சேர், எங்கட ஊருக்கு வந்து ஒருக்கால் தண்ணி திறந்து வைக்கவேணும். எட்டு மணிக்கு வந்திடுங்கோ." தண்ணீர் திறந்து வைக்கிற தவிசாளர்களின் படம் பேப்பரில் வருவது அவருக்குத் தெரியும். சந்தோசமாக ஒப்புக்கொண்டார்.

செவ்வாய்க்கிழமை அவர் வெள்ளை வேட்டி சால்வையோடு வந்து இறங்கினார். நிறைகுடம் வைத்து, மாலை போட்டு, அன்னபாக்கியத்தின் வாசலில் கதிரை போட்டு இருத்தினார்கள். பாதையின் இரு பக்கமும் வாசல் பைப்புகளில் சின்னச் சின்னதாய்ச் சிவப்பு, மஞ்சள், பச்சை, ஊதா.

"என்ன தங்கச்சி, பைப்பெல்லாம் அலங்கரிச்சிருக்கு?"

"உங்களுக்குத்தான் சேர். முதல்ல இந்த மீற்றரை ஒருக்கால் வாசியுங்கோ. சிவப்பு இலக்கத்தையும் சேர்த்து."

அவர் கண்ணாடியை மாற்றிக் குனிந்து சத்தமாக வாசித்தார். ஞானேஸ்வரி அதை அவருடைய கையிலேயே பேனையால் எழுதிவிட்டாள். பிறகு அவரிடம் கைத்தொலைபேசியைக் கொடுத்தாள். "சஜீவன் தாங்கியடியில நிக்கிறார். திறக்கச் சொல்லுங்கோ."

"சஜீவன், திற!" என்றார் தவிசாளர், மேடைக் குரலில்.

கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. ஒரு கோழி பாதையைக் கடந்தது. பிறகு பாதையின் அந்தத் தொங்கலில், தாங்கிக்குக் கிட்டவுள்ள வீட்டில், ஒரு மஞ்சள் பலூன் தலையை நிமிர்த்தியது. அதற்கடுத்த வீட்டில் சிவப்பு. பிறகு பச்சை. வீடு வீடாக, வாசல் வாசலாக, பலூன்கள் எழும்பி ஊதிப் பெருத்துக்கொண்டு தவிசாளரை நோக்கி வந்தன. பெண்கள் கை தட்டினார்கள். பள்ளிக்கூடத்துக்குப் போக வெளிக்கிட்ட பிள்ளைகள் பாதையில் குதித்தார்கள். அன்னபாக்கியத்தின் ஊதா பலூன் பூசணிக்காய் அளவாகி, தவிசாளரின் முகத்துக்கு ஒரு முழத் தூரத்தில் ஆடி நின்றது.

'படார்!'

கட்டியிருந்த ஆடு கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடியது. தவிசாளர் கதிரையோடு பின்னுக்குச் சாய்ந்தார். நல்ல காலம், தங்கராசு பிடித்துக்கொண்டான். அதற்குள் பாதை முழுக்கப் படார் படாரென்று வெடிக்கத் தொடங்கிவிட்டது. ஊர் முழுவதும் கண்ணில் நீர் வரச் சிரித்தது. பலூன் போன பிறகும் பைப் சீறிக்கொண்டேயிருந்தது. ஞானேஸ்வரி அவருடைய உள்ளங்கையைப் பிடித்துப் பைப்புக்குக் கீழே வைத்தாள்.

"ஈரம் இருக்கோ, சேர்?"

அவர் தானாகவே மீற்றரிடம் குனிந்தார். சக்கரம் சுற்றிக்கொண்டிருந்தது. கையில் எழுதியிருந்த இலக்கத்தைப் பார்த்தார், மீற்றரைப் பார்த்தார், மறுபடியும் கையைப் பார்த்தார். மனதுக்குள் கழித்துப் பார்ப்பது வாய் அசைவில் தெரிந்தது. அவருடைய முகம் கறுத்துப் போகுமென்று ஞானேஸ்வரி எதிர்பார்த்தாள். அவரோ நிமிர்ந்து, தோள் குலுங்கச் சிரிக்கத் தொடங்கினார்.

"காத்துக்கும் கனவளவு இருக்கு, அதுவும் இடம் பிடிக்குமெண்டு முப்பது வருசம் படிப்பிச்சனான்!"

"ஓம் சேர், படிப்பிச்சனீங்கள். ஆனா அதுக்கு அப்ப பில் போடேல்லை" என்றா அன்னபாக்கியம்.

அன்று மத்தியானம் வரைக்கும் அவர் ஊரில் நின்றார். இடியப்பமும் சொதியும் சாப்பிட்டார். பள்ளிக்கூடத்து மேட்டுக்கு நடந்து போய், பற்றைக்குள் மூடிக்கிடந்த சீமெந்துப் பெட்டி எங்கே இருக்கிறதென்று ஞானேஸ்வரியிடம் கேட்டுக்கொண்டார்.

ஐப்பசிக் கூட்டத்துக்கு முதல் நாள் அமைப்பாளர் தொலைபேசி எடுத்தார். பிரேரணைக்கு எதிராகக் கதைத்தால் அது கட்சிக்கு எதிரானது என்றார். "ஐயா, உங்கட குசினிப் பைப் இப்ப ஒழுகேல்லைத்தானே?" என்று மட்டும் ஞானேஸ்வரி கேட்டாள். "இல்லை" என்றார் அவர். "சந்தோசம்" என்று வைத்துவிட்டாள்.

கூட்டத்துக்கு ஆலங்கண்டிக்குளத்துப் பெண்கள் தங்கராசுவின் லாண்ட்மாஸ்டர் உழவு இயந்திரப் பெட்டியில் ஏறி வந்து, பார்வையாளர் வாங்குகளை நிரப்பியிருந்தார்கள். ஞானேஸ்வரி எழுந்தாள். எழுதிக்கொண்டு வந்த கடதாசியை மடித்துப் பைக்குள் வைத்தாள்.

"தவிசாளருக்கு வணக்கம். தண்ணிக்குக் காசு தரமாட்டம் எண்டு நாங்கள் சொல்லேல்லை. தண்ணி வந்தாத் தருவம். காத்துக்குத் தரமாட்டம். வந்தாலும் வராட்டியும் மாசம் மாசம் கட்டு எண்ட நிலையான கட்டணத்துக்கும் தரமாட்டம். அந்தக் காத்து வால்வைப் போடுங்கோ, ஒவ்வொரு நாளும் தண்ணி விடுங்கோ, பிறகு அளந்து கேளுங்கோ. அதுவரைக்கும் பில்லை நிப்பாட்டுவம். இதுதான் என்ர திருத்தம். போன தரம் நான் வாசிக்காமக் கை தூக்கினன். ஆமா, என்ர பிழை. இண்டைக்கு வாசிச்சிட்டுத் தூக்குறன்."

'ஆமா'வுக்கு இந்தத் தடவை யாரும் சிரிக்கவில்லை. நிரோஜன் வழிமொழிந்தான். தவிசாளர் வாக்கெடுப்பை அறிவித்தார். ஞானேஸ்வரியின் கை முதலில் எழுந்தது. எதிரணியின் ஆறு கைகள் எழுந்தன. ஏழு. அவளுடைய கட்சிக்காரர்கள் மேசையைப் பார்த்துக்கொண்டு இருந்தார்கள். அப்போது தவிசாளர் பேனையைக் கீழே வைத்துவிட்டுத் தன் கையை உயர்த்தினார். "விஞ்ஞானம் படிப்பிச்ச ஆள் நான். கண்ணால கண்டதுக்கு எதிரா வாக்களிக்க ஏலாது" என்றார். அவரைப் பார்த்து, அவரிடம் படித்த இன்னும் இரண்டு பேர் மெல்லக் கை உயர்த்தினார்கள். பத்துக்கு ஆறு. பார்வையாளர் வாங்கிலிருந்து யாரோ குரவையிட்டார்கள். சபையில் சத்தம் போடக் கூடாதென்று செயலாளர் சொன்னா. சொல்லும்போதே அவாவும் சிரித்துவிட்டா.

பெண்கள் எல்லாரும் நேரே ரவுணுக்குப் போய் ஐஸ்கிறீம் குடித்தார்கள். தங்கராசு இரண்டு குடித்தான்.

கட்சியிடமிருந்து விளக்கம் கேட்டுக் கடிதம் வந்தது. பதினாலு நாளுக்குள் பதில் அனுப்ப வேண்டும். ஞானேஸ்வரி அன்றைக்கே எழுதினாள்: "பைப் திருத்தப் போன எந்த வீட்டிலும் தண்ணீர் வராமல் நான் கூலி வாங்கியதில்லை. சபையும் வாங்கக் கூடாது என்று நினைத்தேன். வேறு விளக்கம் இல்லை." அதற்குப் பதில் வரவில்லை. அமைப்பாளரின் மனைவி அதைப் படமெடுத்து எல்லாருக்கும் அனுப்பினா என்பது பிறகு தெரிந்தது.

தை பிறந்து இரண்டாம் கிழமை வால்வு வந்தது. சஜீவன் பற்றையை வெட்ட, ஞானேஸ்வரி பெட்டியைத் திறந்து, உள்ளே குடியிருந்த தவளைகளை வெளியேற்றிவிட்டுத் தன் கையாலேயே பூட்டினாள். கூலி வேண்டாமென்றாள், உறுப்பினர் சபையிடம் கூலி வாங்க முடியாதென்று செயலாளர் ஏற்கெனவே சொல்லியிருந்தா. ஒவ்வொரு நாளும் தண்ணீர் விடுவதென்று தீர்மானித்த முதல் நாள் காலை, அவள் கூட்டத்துக்குக் கட்டும் வயலட் கரைச் சேலையோடு மேட்டில் நின்று காது கொடுத்துக் கேட்டாள். வால்வு நீளமாய் ஒரு பெருமூச்சு விட்டு ஓய்ந்தது.

அடுத்த நிமிடம் கீழே பாதையிலிருந்து கூச்சல் கேட்டது. வாசல் பைப்புகள் எல்லாம் ஒரே நேரத்தில் பாய்ந்துகொண்டிருந்தன. அவள் சைக்கிளில் இறங்கி வரும்போது, அன்னபாக்கியம் ஹோசைக் கையில் பிடித்தபடி காத்துக்கொண்டிருந்தா. தங்கராசு லாண்ட்மாஸ்டரைப் பாதை நடுவில் நிறுத்திவிட்டு, சாரத்தோடும் சட்டையோடும் ஏற்கெனவே நனைந்து நின்றான்.

"அக்கா, வேண்டாம், நல்ல சேலை!" என்று ஞானேஸ்வரி கத்தினாள்.

அன்னபாக்கியம் குறி தவறவில்லை.